ரிப்பன் மாளிகையிலிருந்து டில்லிக்கு வழி எது?

தி. நகர் பாண்டி பஜாரில் இப்போது நாம் கால் வலிக்காமல் நடக்கிறோம். அகலமான நடைபாதை, உட்கார பெஞ்சு, மர நிழல். 2019 நவம்பரில் திறந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த நடைபாதை வளாகம் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்தது. 2015 ஜூனில் டில்லி அறிவித்த திட்டம் அது. 2016 ஜனவரியில் தேர்வான முதல் 20 நகரங்களில் சென்னையும் ஒன்று. பாண்டி பஜாரைப் பெயர்த்துக் கட்டித் திறந்த அந்த நாட்களில் ரிப்பன் மாளிகையில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த மாமன்றம் வந்தது 2022 மார்ச்சில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகள் ஆட்சிதான்.

அதாவது, டில்லி ஒரு கொள்கை வகுத்தது. அது நம் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது. நம் தெருவிலிருந்து டில்லிக்கு ஒரு வார்த்தை போக வழியில்லை. மேலிருந்து கீழே வர படிக்கட்டு இருக்கிறது, கீழிருந்து மேலே போக ஏணி இல்லை. இதைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன்.

"கவுன்சிலருக்கும் டில்லிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். "இவங்க முதல்ல மழைத்தண்ணியை வடிய வைக்கட்டும் சார், கொசு மருந்து அடிக்கட்டும். அப்புறம் டில்லியோட பேசலாம்" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அவர் சொன்ன அந்த மழைத்தண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனதும், சென்னையின் வெள்ளத் தடுப்புக்கு 561 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு ஒப்புக்கொண்டது. அதில் 500 கோடி டில்லியின் பங்கு. எந்த நகரத்துக்கு, எதற்காக, எவ்வளவு என்று முடிவு செய்வது அங்கே. தண்ணீர் நிற்பது இங்கே, நம் வாசலில்.

சொத்து வரியைப் பாருங்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் சொந்த வீடு வைத்துக்கொண்டு பென்ஷனில் காலம் தள்ளும் எல்லோருக்கும் 2022 ஏப்ரல் நினைவிருக்கும். 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம் உயர்வு. 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் 150 சதவீதம். அப்பா கட்டிய பழைய வீட்டில் இரண்டு வயதானவர்கள் மட்டும் இருந்தாலும் கணக்கு சதுர அடிக்குத்தான். சென்னையில் 1998-க்குப் பிறகு வரியைத் திருத்தவே இல்லை என்பது உண்மை. ஆனால் அப்போது சொன்ன முக்கியமான காரணங்களில் இன்னொன்று, 15-ஆவது நிதிக் குழுவின் நிபந்தனை. குறைந்தபட்ச சொத்து வரி விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் உயர வேண்டும், இல்லாவிட்டால் நகரங்களுக்கு மத்திய மானியம் கிடையாது என்பது அந்த நிபந்தனை. 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் உள்ளாட்சிகளுக்கென்று அந்தக் குழு பரிந்துரைத்த தொகை 4,36,361 கோடி ரூபாய். அவ்வளவு பெரிய தொகையை எந்த மாநிலமும் விட முடியாது. ஆக, நம் வீட்டுக்கு வந்த வரி நோட்டீஸில் கையெழுத்து ரிப்பன் மாளிகையுடையது என்றாலும், பாதி வாசகம் டில்லியில் எழுதியது.

இன்னும் இருக்கிறது. குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னது 2016-ஆம் வருஷத்து மத்திய அரசு விதி. மாட வீதிகளிலும் ரங்கநாதன் தெருவிலும் கடை போடும் சிறு வியாபாரிகளுக்கு எங்கே இடம் என்பதைப் பற்றிப் பேசுவது 2014-ஆம் வருஷத்து மத்திய சட்டம். லஸ்ஸையும் பனகல் பார்க்கையும் வருஷக்கணக்கில் தோண்டிப் போட்டிருக்கும் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 63,246 கோடி ரூபாய்த் திட்டம். மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். இதில் எதிலும் மாமன்றத்தின் குரல் டில்லியில் கேட்கவில்லை.

முன்பெல்லாம் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. வெள்ளைக்காரன் காலத்தில் ஓர் ஏணி இருந்தது. ஒல்லியான ஏணிதான், வசதி படைத்தவர்கள் மட்டும் ஏறக்கூடியதுதான். ஆனாலும் இருந்தது. 1882-இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அந்த நன்றியில்தான் நம் கார்ப்பரேஷன் கட்டிடத்துக்கு அவர் பெயர். 1892-ஆம் வருஷச் சட்டத்தின்படி சென்னை நகரசபை தன் சார்பில் ஒருவரை மாகாணச் சட்டசபைக்கு அனுப்பலாம் என்று வந்தது. அந்த மாகாண சபையின் அதிகாரி அல்லாத உறுப்பினர்கள் தங்களில் ஒருவரை வைஸ்ராயின் சபைக்கு அனுப்பலாம். ஆக நகரசபை, மாகாண சபை, பேரரசு சபை என்று மூன்று படி. வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் 1916-இல் வைஸ்ராயின் சபைக்குப் போனது அந்த மேல் படி வழியாகத்தான்.

பிறகு மனிதர்களே ஏணியாக இருந்தார்கள். ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவர். பெரியார் ஈரோட்டில். படேல் அகமதாபாத்தில். நேரு அலகாபாத்தில். சுபாஷ் போஸ் கல்கத்தா மேயர். நம் ஊரில் சத்தியமூர்த்தி 1939-இல் மேயரானபோது டில்லியில் மத்திய சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். யோசித்துப் பாருங்கள். ஒரே மனிதர் இங்கே ரிப்பன் மாளிகையில் குடிதண்ணீர்ப் பஞ்சத்தைக் கேட்டுவிட்டு, டில்லியில் போய் உட்கார்ந்து பேசினார். யுத்த காலத்தில், பணமே இல்லை என்று எல்லோரும் கையை விரித்த நேரத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்தார். 1940-இல் அடிக்கல், 1944-இல் வேலை முடிந்தது. பார்க்க அவர் இல்லை, 1943-இலேயே போய்விட்டார். இன்றும் நாம் குடிப்பது அந்தத் தண்ணீர்.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஒரு படி மிச்சமிருந்தது. மாநிலத்தில் மேல்சபை இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை உள்ளாட்சி மன்றங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 171-ஆவது ஷரத்து சொல்கிறது. பட்டதாரித் தொகுதி, ஆசிரியர் தொகுதி எல்லாம் நமக்கு ஞாபகம் இருக்கும். உள்ளாட்சித் தொகுதியை மறந்திருப்போம். 1986 நவம்பர் 1-ஆம் தேதி மேல்சபையையே எடுத்துவிட்டார்கள். 2010-இல் திரும்பக் கொண்டுவரச் சட்டம் வந்தது, 2011-இல் ஆட்சி மாறியதும் அதுவும் போயிற்று. இதற்கு நடுவில் மாநகராட்சி மன்றமே 1973-இல் கலைக்கப்பட்டு 23 வருஷம் தேர்தல் இல்லாமல் கிடந்தது. 1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின் தயவில்தான் 1996-இல் மறுபடி தேர்தல் நடந்தது. அந்தத் திருத்தம் நகரசபைகளைச் சாகாமல் காத்தது. டில்லிக்கு வழி மட்டும் போட்டுக் கொடுக்கவில்லை.

பிரான்ஸ் தேசத்தில் பாருங்கள். அங்கே செனட் என்ற மேல்சபையைத் தேர்ந்தெடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர்ச் சபைக்காரர்கள்தான். ஜனாதிபதித் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால்கூட மேயர், கவுன்சிலர் போன்ற 500 பேருடைய ஆதரவுக் கையெழுத்து வேண்டும். சின்ன ஊர் மேயரை அங்கே தலைநகரத்துக்காரர்கள் தேடிப் போகிறார்கள்.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று பெருமூச்சு விட வேண்டாம். நம் மதுரைப் பக்கத்திலேயே நடந்தது. 2024 நவம்பரில் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க உரிமையை மத்திய அரசு ஒரு பெரிய கம்பெனிக்கு ஏலத்தில் கொடுத்தது. சுமார் 2,015 ஹெக்டேர். அதற்குள்ளே அரிட்டாபட்டியும் வருகிறது. சமணர் படுக்கையும் பழைய தமிழி எழுத்தும் உள்ள மலை, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட இடம். நவம்பர் 23-ஆம் தேதி கிராம சபை கூடியது. அந்தச் சுற்றுவட்டார ஊர்கள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டசபை ஒருமனதாக அதையே தீர்மானமாக நிறைவேற்றியது. ஜனவரி 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். பிறகு ஊர்க்காரர்கள் டில்லிக்குப் போய் மந்திரியைப் பார்த்தார்கள். 2025 ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. இரண்டே மாதம்!

இதில் ஏமாந்துவிடவும் கூடாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபையும் தீர்மானம் போட்டது. ஒன்று இரண்டல்ல, திரும்பத் திரும்பப் போட்டது. திட்டம் நிற்கவில்லை. அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வித்தியாசம் எங்கே என்று மட்டும் பாருங்கள். அரிட்டாபட்டியில் ஊரும் கோட்டையும் ஒரே பக்கம் நின்றன. பரந்தூரில் திட்டத்தைக் கொண்டுவந்ததே கோட்டை. உள்ளாட்சி என்பது அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியல் விஷயம். அதனால் ஊர்த் தீர்மானம் ஜார்ஜ் கோட்டையைத் தாண்டித்தான் டில்லிக்குப் போக வேண்டியிருக்கிறது. கோட்டை கை கொடுத்தால் போகிறது, இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட் கிராம சபைகளையே கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் நின்றது. வன உரிமைச் சட்டம் அந்தச் சபைகளுக்குப் பலம் கொடுத்திருந்தது. சட்டம் இருந்தால் சின்னச் சபையின் வார்த்தையும் டில்லியில் எடுபடும்.

அப்படியானால் தீர்மானம் என்பது வெறும் காகிதம்தானா? நான் ஆபீஸ் உத்தியோகத்தில் காலம் கழித்தவன், அதனால் சொல்கிறேன். தனி மனிதர் எழுதும் மனு வந்தால் ஒரு நம்பர் போடுவார்கள், உரிய பிரிவுக்கு அனுப்புவார்கள், ஒரு குமாஸ்தா "லாட்ஜ் செய்யலாம்" என்று குறிப்பு எழுதுவார், அதோடு சரி. கொஞ்ச நாளில் அது பழைய காகிதத்தோடு போய்விடும். ஆனால் சட்டப்படி கூடிய ஒரு சபையின் தீர்மானம், எண்ணும் தேதியும் போட்டு வந்தால் கதை வேறு. அதை லாட்ஜ் செய்ய ஒருவருக்கும் கை வராது. மேலதிகாரிக்குப் போகும். அவர் ஒரு பதில் தயார் செய்யச் சொல்வார். நாளைக்கு யாராவது சபையிலோ கோர்ட்டிலோ கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் அது. நம் நூறு பேர் தனித்தனியாக எழுதும் கடிதத்தைவிட, நாம் கூடி உட்கார்ந்து போடும் ஒரு தீர்மானத்துக்குக் கனம் அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு, அதில் நம் கார்ப்பரேஷன் நாட்டுக்கே முன்னோடி. தி. நகருக்குத் தன் பெயரைக் கொடுத்த பிட்டி தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானம் சாப்பாடு போட நகரசபை தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. சில வருஷத்தில் செலவுக்கு அனுமதி இல்லையென்று நின்றும் போனது. ஆனால் 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 1995-இல் மத்திய அரசின் தேசியத் திட்டம், 2001-இல் சமைத்த உணவே தர வேண்டும் என்ற சுப்ரீம் கோர்ட் உத்தரவு என்று அது வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நேர்க்கோடு போட்டுக் காட்ட முடியாதுதான். ஆனாலும் இன்று தேசம் முழுக்க நடப்பதை ஒரு நகரசபை எப்போதோ தன் பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

எச்சரிக்கைக்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். லண்டன் மாநகர கவுன்சில் 1980-களில் தன் கட்டிடத்தின் உச்சியில் லண்டனில் வேலையில்லாதவர்கள் எத்தனை பேர் என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்தது. தேம்ஸ் நதிக்கு எதிர்க்கரையில் பார்லிமெண்ட். ஜன்னலைத் திறந்தால் தெரியும். பிரதமர் தாட்சர் 1986-இல் அந்தக் கவுன்சிலையே கலைத்துவிட்டார். நம் மேல்சபை போன அதே வருஷம்! மேலே உள்ளவரைச் சீண்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டால் பலகையும் போகும், கட்டிடமும் போகும்.

அதனால் எல்லாவற்றுக்கும் மாமன்றத்தில் தீர்மானம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய ரயில் சலுகை இன்னும் திரும்பவில்லையே என்ற வருத்தம் நம் வயதுக்காரர் எல்லோருக்கும் உண்டு. அதை எம்.பி.யிடம் நேராகக் கேட்போம், அது வார்டு விஷயம் இல்லை. ஆனால் நிதிக் குழுவின் வரி நிபந்தனை வார்டு விஷயம். வெள்ள நிவாரணப் பணம் வார்டு விஷயம். நடைபாதை வியாபாரிச் சட்டம் வார்டு விஷயம். நம் வாசலைத் தொடும் மத்திய கொள்கையைப் பற்றி மட்டும் பேசினால் போதும். கட்சிக் கோஷமாக இல்லாமல் கணக்கோடு பேச வேண்டும்.

எங்கே பேசுவது? இடம் இருக்கிறது. 2022-இல் விதி போட்டு நகரங்களிலும் பகுதி சபைகளைக் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டம். முதலமைச்சரே பம்மலில் ஒரு சபைக்குப் போனார். நம் வார்டுகளிலும் கூட்டம் நடக்கிறது. நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, சாக்கடை அடைப்பு என்று பேசினோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வந்தவர்கள் மிகக் குறைவு, நம் வயதுக்காரர்கள் அதிலும் குறைவு. மேலூர்ப் பக்கம் காலையிலேயே மரத்தடியில் ஊரே கூடுகிறது. நாமோ, படித்தவர்கள், ஆடிட்டரும் எஞ்சினியரும் ரிடையர்டு அதிகாரியும் தெருவுக்கு நாலு பேர், பேப்பரைப் படித்துவிட்டு வீட்டிலேயே முணுமுணுக்கிறோம்.

நான் கேட்பது மூன்று காரியம்தான். ஒன்று, அடுத்த பகுதி சபைக்கு நாம் போக வேண்டும். நம் தெருவைத் தொடும் ஒரே ஒரு மத்திய கொள்கையைப் பற்றி, கணக்கோடு, பத்து வரிக்குள் ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுபோக வேண்டும். இரண்டு, அதை மாமன்றத்துக்கும் தென்சென்னை எம்.பி.க்கும் எண் போட்டு அனுப்பும்படி கவுன்சிலரிடம் கேட்க வேண்டும். மயிலாப்பூரும் தி. நகரும் அந்த ஒரே எம்.பி. தொகுதிதான். வரும் பதிலை அடுத்த சபையில் வாசிக்கச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். மூன்று, நகர மன்றங்களில் எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் இடம்பெறலாம் என்று அரசியல் சட்டத்தின் 243-ஆர் ஷரத்து அனுமதிக்கிறது. அந்த அனுமதிக்கு உயிர் கொடுக்கும்படி, எம்.பி. வருஷத்துக்கு ஒரு நாளாவது ரிப்பன் மாளிகைக்கு வந்து, டில்லியில் நம் நகரத்துக்காக என்ன பேசினார் என்று சொல்ல வேண்டும். மேல்சபை வரும்போது வரட்டும், இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், மனசு இருந்தால் போதும்.

16-ஆவது நிதிக் குழு 2024 நவம்பரில் சென்னைக்கு வந்து போனது. அந்தக் குழுவின் பரிந்துரைப்படிதான் 2026 முதல் ஐந்து வருஷத்துக்குப் பணப் பங்கீடு. அதற்கு முன்னால் நம் தெருவில் யாரும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாமும் கேளுங்கள் என்று சொல்லவில்லை. 17-ஆவது குழு வரும்போது நம்மில் எத்தனை பேர் இருப்போமோ தெரியாது. ஆனால் நம் வீட்டு வரியை அப்போது நம் பிள்ளைகள் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகவாவது பகுதி சபைப் பதிவேட்டில் நம் பங்குக்குப் பத்து வரி எழுதி வைத்துவிட்டுப் போவோம்.